இல்லை என்று சொல்ல நேரில் போனவர்

பரிமளா மேடம் போய்விட்டார் என்ற செய்தி செல்வியின் போனில்தான் எனக்கு வந்தது. காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். "சார், மேடம் போயிட்டாங்க. நான்தான் பக்கத்துல இருந்தேன். நீங்க வாங்க," என்றார் செல்வி. வேறு ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். பால் பொங்கி அடுப்பே அணைந்துபோனது. நான் அதைப் பார்த்தபடி நின்றிருந்தேன்.

மேடத்தை அறிந்தவர்களுக்கு, செல்வி பக்கத்தில் இருந்தார் என்பது ஏன் என்னை அப்படி நிறுத்தி வைத்தது என்று விளக்க வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கீழ்பென்னாத்தூர்ச் செல்வி, தன் கணவர் செத்ததற்கு மேடம்தான் காரணம் என்று அவருடைய முகத்துக்கு நேராகச் சொன்னவர். சொன்னதை ஒருநாளும் திரும்ப வாங்கிக்கொள்ளாதவர். அந்தச் செல்விதான் கடைசிவரை உடனிருந்திருக்கிறார்.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகப் பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த பெண்கள் எல்லாரும் இறங்கி, எதிரே மலையை நோக்கிப் போகும் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வேங்கிக்காலில் இருக்கும் மேடத்தின் வீடுவரை நடந்தே வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் மேடத்தைத் திட்டியவர்கள். நானும் திட்டியவன்தான். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

நானும் அவரும் ஒரே கல்லூரியில் பொருளியல் நடத்தினோம். நான் ஆரம்பத்திலிருந்தே அங்கேயே கிடந்தவன். அவர் வெளிநாட்டில் பெரிய வேலையை விட்டுவிட்டுப் பிறந்த ஊருக்குத் திரும்பி வந்தவர். ஏழை நாடுகளுக்குக் கடன் தரும் ஒரு சர்வதேச நிறுவனத்தின் ஆப்பிரிக்கக் குழுவில் இருந்தார். கடன் வேண்டுமென்றால் ஒரு அரசாங்கம் எதைச் செய்ய வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை எழுதும் வேலை. அதை ஏன் விட்டார் என்று கேட்டால், "வெயில் ஒத்துக்கல சார்," என்பார். ஆப்பிரிக்க வெயில் ஒத்துக்கொள்ளாமல் திருவண்ணாமலைக்கு வந்தாராம்! நம்புகிற மாதிரியா இருக்கிறது?

முதல் சண்டை ஒரு கருத்தரங்கில் வந்தது. சென்னையிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர், இத்தனை அதிர்ச்சிக்குப் பிறகும் உலக நிதி அமைப்பு நிலையாக இருக்கிறது என்று பேசி முடித்தார். கைதட்டல் அடங்குவதற்குள் மேடம் எழுந்து, "யாருக்கு சார்?" என்றார். விருந்தினர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை, உட்காரவும் இல்லை. மேடையில் நான்தான் தலைமை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். பிறகு ஆசிரியர் அறையில், வந்தவரை அவமானப்படுத்துவதா என்று கத்தித் தீர்த்தேன். அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "உங்க கோபத்துக்கு வட்டி கட்டியே நான் போண்டியாயிடுவேன் சார். எலுமிச்சஞ் சாதம் இருக்கு, சாப்பிடுறீங்களா?" என்றார். சாப்பிட்டேன். அன்றிலிருந்து, சண்டை போட்டுக்கொண்டே பிரியாமலிருக்கும் நட்பு.

மாலையில் இருவரும் செங்கம் சாலையில் நடப்போம். ரமணாசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடை ஒன்றின் வாசலில் அன்றைய விலைப் பலகை இருக்கும். மற்றவர்கள் ராசிபலன் பார்ப்பதுபோல அவர் அதை நின்று பார்ப்பார். ஒருநாள் பார்த்துவிட்டு, "டாலர் ஏறுது சார். எங்கயோ ஒரு ஊர் ஆஸ்பத்திரியில மருந்து கம்மியாகப் போவுது," என்றார். காபி குடிக்கப் போகும்போது இதையெல்லாம் பேச வேண்டுமா என்று எரிந்து விழுந்தேன். "நீங்க குடிங்க. எனக்கு வேணாம்," என்று வெளியிலேயே நின்றுவிட்டார். உலகத்தின் சங்கடம் எல்லாம் தன் வீட்டுச் சங்கடம் என்று நினைப்பவர்களோடு காபி குடிக்கப் போகக் கூடாது.

கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள மகளிர் சேமிப்புக் குழுக்களை ஒன்றாக்கி ஒரு கூட்டமைப்பு தொடங்கியவர் அவர்தான். தலைவி மும்தாஜ், கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாகப் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். என்னையும் ஆலோசகர் என்று சொல்லி இழுத்துப் போட்டார்கள். அப்போது தெருவுக்குத் தெரு நுண்கடன் கம்பெனிக்காரர்கள் வந்து, கேட்காதவர்களுக்கும் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடம் பெண்களிடம் சொன்னது நினைவிருக்கிறது: "இவங்க பணம் இவங்களுது இல்ல. கொஞ்சம் பேங்க்ல இருந்து வருது, கொஞ்சம் கடல் தாண்டி வருது. அங்க வட்டி ஏறுச்சுனா அந்தப் பணம் திரும்பிப் போயிடும். அப்ப கடன் குடுக்கிறதை நிறுத்துவாங்க. வசூல் பண்றதை நிறுத்த மாட்டாங்க." அதனால் சேமிப்பில் ஒரு பங்கை எடுத்துத் தனியே வைக்கச் சொன்னார். எல்லா வீடும் ஒரே நேரத்தில் விழும்போது மட்டுமே அதைத் தொட வேண்டும், ஒரு வீட்டுக்காகத் தொடக் கூடாது என்பது விதி. நிலக்கடலை விதைக்கிற ஊர் அல்லவா, பெண்கள் அதற்கு உடனே பெயர் வைத்துவிட்டார்கள்: விதைக்காய்ப் பணம். எவ்வளவு பசித்தாலும் விதைக்காய் மூட்டையை அவிழ்க்காத வீடுகளில் வளர்ந்தவர்கள் அவர்கள்.

அந்த விதிக்குச் சோதனை செல்வியின் வீட்டிலிருந்து வந்தது. செல்வியின் கணவர் ஏழுமலை, வாடகைக்கு வேன் ஓட்டியவர். அவலூர்பேட்டை சாலையில் வேன் கவிழ்ந்து தலையில் பலமான அடி. கூட இருந்தவர்கள் பதறிப்போய்த் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முன்பணம் கட்டினால்தான் அறுவை சிகிச்சை என்றார்கள் அங்கே. அப்போது நான் மும்தாஜ் வீட்டில் இருந்தேன். குழுப் பெண்கள் கூடிவிட்டார்கள். மும்தாஜ், வேங்கிக்காலில் இருந்த மேடத்துக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"மேடம், ஏழுமலை நெலம ரொம்ப மோசமா இருக்கு. உடனே கட்டணுமாம். விதைக்காய்ப் பணத்துல கை வெக்கலாமா?"

மேடம், "அது ஒரு வீட்டுக்கான பணம் இல்ல மும்தாஜ். இன்னைக்கு செல்விக்குக் குடுத்தா நாளைக்கு அடுத்தவங்களுக்கு எப்படி இல்லைனு சொல்லுவீங்க? எங்கிட்ட இருக்கிறதை அனுப்புறேன். நீங்களும் கையில இருக்கிறதைப் போடுங்க. அதைத் தொடாதீங்க," என்றார்.

"மேடம், மனுஷன் சாகக் கெடக்கிறான்! உங்க பாடப்புத்தகத்தை மூடி வைங்க!" என்று நான் கத்தினேன்.

"இது புத்தகத்துல படிச்சது இல்ல சார். பாத்தது," என்றார். லைன் கட்டானது.

பெண்கள் அவர் சொன்னதைக் கேட்டார்கள். அவர்கள் கோழைகள் இல்லை. விதிக்குக் கை தூக்கியவர்கள் அவர்களே. எல்லாரும் போட்ட பணம் போதவில்லை. மருத்துவமனை இறங்கி வரவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்னை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். செங்கல்பட்டு தாண்டும்போது ஏழுமலை இறந்துவிட்டார். பணம் கட்டியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் யாருக்கும் ஆறுதல் தரவில்லை.

நான் மேடத்தோடு பேச்சை நிறுத்தினேன். எதிரே வந்தால் சாலையின் மறுபக்கம் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்ல எனக்கு மனமில்லை, வெளியே நிறுத்தவும் மனமில்லை. அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆப்பிரிக்க வெயில் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று அன்றுதான் சொன்னார்.

அவர் வேலை செய்த நாடு கடலில்லாத ஒரு சிறிய நாடு. கடன் கட்ட முடியாமல் திணறியது. அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது மேடம் எழுதிய நிபந்தனை. அதைக் காப்பாற்ற, அந்த அரசு மருந்து இறக்குமதிக்கு டாலர் தராமல் இழுத்தடித்தது. இவருக்குக் கார் ஓட்டிய ஜோசப் ஒருநாள் வரவில்லை. வேறொருவர் வந்தார். ஜோசப்பின் மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லையாம். நிறுத்துகிற ஊசி மருத்துவமனையில் இல்லையாம். அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று மேடம் கேட்டிருக்கிறார். பாதுகாப்பு விதிப்படி அந்தப் பகுதிக்குப் போகக் கூடாது என்று குழுத் தலைவர் சொல்லியிருக்கிறார்.

"கவர்ல பணம் வெச்சு அனுப்பினேன் சார். நான் போகல. அப்பால ஊருக்கு வந்துட்டேன். நான் எழுதின கணக்கு சரியாத்தான் வந்தது. அந்த நாடு நிலையாச்சு. அந்த அம்மா மட்டும் இல்ல."

"அதெல்லாம் தெரிஞ்சும் செல்வி விஷயத்துல ஏன் மேடம் மறுபடியும் அதையே பண்ணீங்க?" என்றேன். என் குரல் தணியவில்லை.

"கையிருப்பு முழுக்கத் தீர்ந்துபோன நாட்டையும் பாத்திருக்கேன் சார். அங்க ஒரு அம்மா இல்ல, வார்டு வார்டா அம்மாங்க. எது சரினு எனக்கு இப்பவும் தெரியல. ஆனா இந்தத் தடவை அந்த வீட்டுக்குப் போகணும். தனியாப் போகப் பயமா இருக்கு. கூட வர்றீங்களா?"

போனேன். உச்சி வெயில். செல்வி கதவைத் திறந்து, யாரென்று பார்த்து, திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். நாங்களும் உட்கார்ந்தோம். வந்தவர்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுப்பது எந்த வீட்டிலும் முதல் வேலை. எதிரி வந்தாலும் கொடுப்பார்கள். செல்வி கொடுக்கவில்லை. மேடத்தின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நீங்கதான் கொன்னீங்க மேடம். இல்லைனு சொன்னதுக்காகச் சொல்லல. போன்ல சொன்னீங்களே, அதுக்குச் சொல்றேன். நேர்ல வந்திருந்தா அவரைப் பாத்திருப்பீங்க. பாத்திருந்தா உங்களால அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவே முடியாது."

மேடம் தலையை மட்டும் ஆட்டினார். திரும்பி வரும் வழி முழுக்க, "அவங்க சொல்றது சரி சார்," என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் அவர் ஒரு புது விதி கொண்டுவந்தார். கூட்டமைப்பு யாருக்காவது உதவி இல்லை என்று முடிவெடுத்தால், முடிவெடுத்தவர்கள் அத்தனை பேரும் அந்த வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, அந்த ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். போன் கூடாது, ஆள் விட்டனுப்பக் கூடாது. "இது இன்னா மேடம் தண்டனையா?" என்று மும்தாஜ் கேட்டார். "ஆமா," என்றார் மேடம். அந்த விதி வந்த பிறகு என்ன நடந்தது தெரியுமா? இல்லை என்று சொல்வது எங்களுக்கு மகா கஷ்டமாகிப் போனது. அந்த வீட்டு வாசற்படிக்குப் பயந்தே வேறு வழி தேடினோம். காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் போய் நின்றோம். மருத்துவமனையில் சண்டை போட்டோம் (என் கோபம் உருப்படியாகப் பயன்பட்ட ஒரே இடம் அது). அப்படியும் சில வீடுகளுக்குப் போகத்தான் வேண்டியிருந்தது.

பிறகு, அவர் பயந்த காலம் வந்தது. வெளிநாட்டில் வட்டி ஏறியது. கடல் தாண்டி வந்த பணம் திரும்பிப் போனது. கம்பெனிக்காரர்கள் அடுத்த கடன் உண்டு என்று சொல்லியே பழைய கடனை வசூலித்துக்கொண்டு, கடைசியில் கையை விரித்தார்கள். கடலை விதைக்கும் பருவம். சுற்றுவட்டாரத்தில் நகையும் மாடும் போயின, சில குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போயின, சில வீடுகளில் சாவு விழுந்தது. எங்கள் பெண்கள் விதைக்காய்ப் பணத்தை எடுத்தார்கள். ஊர் முழுக்கத் தப்பித்தது என்று சொல்ல மாட்டேன். எங்கள் குழுக்களில் எவரும் ஊரைவிட்டுப் போகவில்லை.

அந்த மாதக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, "அன்னைக்கு மேடம் சொன்னது எவ்ளோ சரினு இப்பத்தான் தெரியுது," என்று கும்பிட்டார். நாலைந்து பேர் கைதட்டிவிட்டார்கள். கடைசி வரிசையில் செல்வி உட்கார்ந்திருந்தார். அவ்வளவு காலத்தில் மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று மட்டும்தான்: "யாரும் கைதட்டாதீங்க! செல்வி உக்காந்திருக்காங்க. நான் சொன்னது பலிச்சிடுச்சு, அவ்ளோதான். பலிச்சதாலேயே அது சரியாயிடாது." செல்வி எழுந்து வெளியே போனார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் அழுதேன்.

ஒவ்வொரு மாதமும் கூட்டத்துக்குப் போகும் வழியில் மேடம் செல்வி வீட்டில் இறங்குவார். கொஞ்ச நேரம் உட்கார்வார். செல்வி கடலை உடைத்துக்கொண்டிருந்தால் கொஞ்சத்தைத் தன் பக்கம் இழுத்து அவரும் உடைப்பார். பேச்சு ஒன்றிரண்டு வார்த்தை. தண்ணீர் மட்டும் வந்ததே இல்லை. மேடத்தின் பையில் பாட்டில் இருக்கும். அந்த வீட்டில் அதையும் எடுத்துக் குடிக்க மாட்டார். "எதுக்கு மேடம் மாசா மாசம் போயி அவமானப்படுறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "அவமானமா? கதவைத் திறக்கிறாங்களே சார்," என்றார்.

நோய் வந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே கடைசியில்தான் தெரிந்தது. அதற்குள் வயிற்றிலிருந்து எங்கெங்கோ பரவிவிட்டது. ஒரு மாதம் அவர் கீழ்பென்னாத்தூருக்குப் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. செல்வி பஸ் ஏறி வேங்கிக்காலுக்கு வந்துவிட்டார். வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஓசூரிலிருந்து மேடத்தின் தம்பி வந்து போய்க்கொண்டிருந்தார். துடைத்துவிட்டதும் புரட்டிப் படுக்கவைத்ததும் செல்விதான்.

அந்தப் பௌர்ணமியன்று எல்லாம் முடிந்து, பெண்கள் தலைமுழுகப் போன நேரத்தில், செல்வி கொல்லைப் பக்கம் தனியாக நின்றிருந்தார். என்ன கேட்பதென்று தெரியாமல் போய் நின்றேன். அவரே சொன்னார்.

"விடியற நேரத்துல தண்ணி கேட்டாங்க சார். குடுத்தேன்."

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செல்வி கையை உயர்த்தித் தடுத்தார். "மன்னிச்சிட்டேன்னு எங்கயாச்சும் எழுதிடாதீங்க. எங்க வீட்டுக்காரர் சாவு சாவுதான். தாகமா இருந்தாங்க, குடுத்தேன். குடிச்சிட்டு, 'உன் கையால குடிச்சிட்டேன்'னாங்க. அவ்ளோதான்."

எழுதவில்லை, செல்வி. நீங்கள் சொன்னதை மட்டுமே எழுதியிருக்கிறேன்.

அவருடைய நூல்களைக் கல்லூரிக்குக் கொடுத்தாயிற்று. தம்பி எனக்கு அவருடைய கைக்கடிகாரத்தைத் தந்தார். அது ஓடுகிறது, கட்டிக்கொள்ள மனம் வரவில்லை. கருத்தரங்கில் அவர் கேட்ட "யாருக்கு சார்?" எனக்குப் போதும் என்று நினைத்திருந்தேன். பேப்பரில் நிலைமை சீராக இருக்கிறது என்று எவர் சொன்னதைப் படித்தாலும் அந்தக் குரல் காதில் விழும். ஆனால் கேள்வி கேட்பது சுலபம். நானும் வாழ்நாளெல்லாம் கேட்டிருக்கிறேன், உரக்கவே. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது, நேரில் போய்ச் சொல்லும் அந்தக் கஷ்டமான விதியைத்தான்.

நேற்றுக் கூட்டம் நடந்தது. டயாலிசிஸுக்குப் போய்வர வண்டி வாடகை கேட்டு ஒரு பெண் எழுதிக் கொடுத்திருந்தார். கூட்டமைப்பில் இப்போது அதற்கு வழியில்லை. விதைக்காய்ப் பணம் ஒரு வீட்டுக்கானது இல்லை, அதுவும் இன்னும் பழையபடி சேரவில்லை. வேறு வழிகளையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டோம். மும்தாஜ் குனிந்துகொண்டே, இல்லை என்று முடிவு என்றார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்போது கடைசி வரிசையிலிருந்து செல்வி எழுந்து, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"வாங்க சார். நீங்களும்தான் கை தூக்கினீங்க."

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.